டிரம்முக்குள் இருந்த கம்பெனி

"அந்தாள் என்ட கம்பெனியை வாங்கினது நடத்த இல்லை அண்ணை. புதைக்க!"

விநாயகமூர்த்தி இதைச் சொல்லி முடிக்கவும், கீழே தெருவில் ஒரு மெர்சிடிஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. உதவியாளர் தனலெட்சுமி சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"பாஸ், வெள்ளைச் சட்டை, நெத்தி நிறைய திருநீறு. கையில ஒரு பை. பைக்குள்ள கத்திரிக்காய்."

"ஐயோ, சோலையப்பன்!" விநாயகமூர்த்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் இங்க வந்தது தெரிஞ்சால் பெரிய வில்லங்கம்."

பிரிக்பீல்ட்ஸில் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிவசம்பு துப்பறியும் நிலையத்துக்கு வாசல் ஒன்று, படி ஒன்று. தப்பிக்க வழியே கிடையாது. தனலெட்சுமி அவர் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போய் அடுப்படித் தட்டிக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"மைலோ டின் பக்கத்துல நில்லுங்க அங்கிள். தும்மாதீங்க. சத்தம் வந்தா பூனைன்னு சொல்லிடுவேன். அப்புறம் நீங்கதான் சமாளிக்கணும்."

துப்பறிவாளர் சிவசம்பு மட்டும் அசையவில்லை. ரயில்வேயில் காணாமற்போன சாமான்களைத் தேடும் பிரிவில் ஆயுளின் பாதியைக் கழித்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தப் பெட்டியும் எங்கேயாவது இறங்கித்தான் ஆகவேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. அதனால் அவருக்குப் பதற்றம் வருவதில்லை.

சோலையப்பன் உள்ளே வந்து கும்பிட்டார். பையை மேசைமேல் வைத்தார்.

"வெறுங்கையோட வரக்கூடாதுன்னு வீட்டுக் காய் கொஞ்சம் கொண்டாந்தேன் ஐயா. ஒரு மாசமா நம்ம வீட்டு ஆச்சி தோட்டத்துல காய்ச்சுத் தள்ளுது. கிள்ளான்ல நம்ம வீட்டுச் செடி மாதிரி எங்கயும் இல்லைன்னு பக்கத்து வீட்டுச் சீனரே சொல்றாரு."

சிவசம்பு ஒரு காயை எடுத்துப் பார்த்தார். பால்டின் அளவுக்கு இருந்தது, கண்ணாடி போல மின்னியது.

"நல்ல காய். விசயத்தைச் சொல்லுங்கோ."

சோலையப்பன் உட்கார்ந்தார். "செமினியில விநாயகமூர்த்தின்னு ஒரு சிலோன்காரர். செம்பனை ஆலையில எண்ணெய் பிழிஞ்ச பிறகு கொதிக்கக் கொதிக்க ஒரு கறுப்புத் தண்ணி வரும் பாருங்க, அத ஆத்துல விட்டா மீனெல்லாம் மல்லாந்துரும். அந்தத் தண்ணிய இவர் ஒரு தொட்டியில அடைச்சு கேஸ் எடுக்கிறார். ஆலைக்கு வேண்டிய நெருப்பு அதோட அழுக்குலேருந்தே வந்துரும். ஆறும் தப்பிச்சுது. நான் பாய்லர் விக்கிறவன். பார்த்ததும் விட மனசில்ல. கம்பெனியையே வாங்கிட்டேன். தொட்டி, குழாய், வரைபடம், பேட்டண்ட், ஆளுங்க, எல்லாம் சேர்த்து."

"பிறகு?"

"டெங்கில் ஆலையில கொண்டுபோய் வச்சோம். ஜெகஜோதியா எரிஞ்சுது. ஆயுத பூசை முடிஞ்சுது, அதுக்கப்புறம் ஒரு பொட்டு கேஸ் இல்ல! விசாரிச்சா, பூசையன்னிக்கு வாசல் பக்கம் இருந்த ஒரு நீல டிரம் காணோமாம். அதுக்குள்ளதான் மருந்து இருந்திருக்கணும். என்கிட்ட கம்பெனிய வித்துட்டு, மருந்த மட்டும் தூக்கிட்டுப் போயிட்டார் அந்த மனுசன்."

அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தது.

"பூனை," என்றாள் தனலெட்சுமி.

சோலையப்பன் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, மிகுந்த தயக்கத்தோடு, உள்ளேயிருந்து ஒரு "மியாவ்" வந்தது.

"சளி பிடிச்சிருக்கு போல," என்றார் சோலையப்பன் பரிதாபமாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமை காலையில ஆலை முதலாளிங்க பார்க்க வர்றாங்க ஐயா. அன்னிக்கு நெருப்பு எரியலைன்னா அந்தப் பிரிவை இழுத்து மூடிட்டு நேரா போலீஸ். விநாயகமூர்த்தி பேர்ல."

அவர் படியிறங்கிய பிறகுதான் விநாயகமூர்த்தி வெளியே வந்தார். முகம் சிவந்து கிடந்தது.

"மருந்தாம், மருந்து! அதுக்குள்ள ஒரு மருந்தும் கிடையாது. நான் என்னத்தைக் களவெடுக்கிறது? பூசை நேரம் என்னைப் பினாங்குக்குக் கூட்டத்தில பேச அனுப்பினதே அவர்தான். திரும்பி வந்து பார்த்தால் தொட்டி செத்துக் கிடக்கு. அவருக்கு டீசல் பாய்லர் விக்கவேணும், என்ட தொட்டி இடைஞ்சல். அதுதான் விசயம். இப்ப என்னைக் கள்ளன் ஆக்கிப்போட்டு மூடப் பார்க்கிறார்." சன்னல் வழியாக மெர்சிடிஸ் போன திசையைப் பார்த்தார். "தொட்டி போனால் போகட்டும் எண்டு விடவும் ஏலாது அண்ணை. அது ஓடவேணும் எண்டுதான் வித்தனான்."

"இரண்டு பேரும் ஒரே பெட்டியைத்தான் தேடுறீங்கள்," என்றார் சிவசம்பு தொப்பியை எடுத்துக்கொண்டு. "பிள்ளை, காரை எடும். டெங்கிலுக்கு."

*

பூச்சோங் தாண்டும்வரை முன்னால் போன மண் லோரிகள் அவர்கள் டட்சனுக்குப் பவுடர் பூசி அனுப்பின. ஓட்டிக்கொண்டே தனலெட்சுமி துப்பறிந்தாள்.

"பாஸ், என் கணக்குப்படி சோலையப்பன்தான். இல்லைன்னா போட்டிக் கம்பெனி. அதுவும் இல்லைன்னா பின்சீட்டுல இருக்கிற அங்கிள்."

"நானோ?" பின்சீட்டு பதறியது.

"யாரையும் விடக்கூடாதுன்னு பாஸ் சொல்லியிருக்காரு அங்கிள். தப்பா எடுத்துக்காதீங்க லா."

"யார் எடுத்தது எண்டு தேடினால் ஊர் முழுக்கத் தேடவேணும்," என்றார் சிவசம்பு. "அந்தச் சாமான் யாருக்கு வேணும் எண்டு கேட்டால் ரெண்டு மூண்டு பேர்தான் மிஞ்சுவினம்."

டெங்கில் ஆலையின் பின்புறத்தில் தொட்டி நின்றது. இரண்டு ஆள் உயரம். வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. வயிற்றில் மூன்று சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம், கழுத்தில் காய்ந்துபோன எலுமிச்சம்பழ மாலை.

"மாப்பிள்ளை மட்டும்தான் குறை," என்றாள் தனலெட்சுமி.

சிவசம்பு தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். மூச்சை இழுத்தார்.

"பிள்ளை, என்ன மணக்குது?"

"ஒண்ணும் மணக்கலையே பாஸ்."

"அழுக்குத் தண்ணி நிக்கிற தொட்டி. ஒண்டும் மணக்கேல்லை. அதுதான் பிழை."

வாசல் காவலாளி வேலாயுதம் மீசையைத் தடவிக்கொண்டு வந்து நின்றான். முறைப்படி வணக்கம் வைத்தான்.

"வேலாயுதம் தம்பி, பூசைக்குத் தொட்டியைக் கழுவினது ஆர்?"

"எல்லாரும்தான் அங்கிள். தௌக்கே சோலையப்பன் ஆர்டர். புதுசா வாங்கின கம்பெனி, முதல் ஆயுத பூசை, பளபளன்னு இருக்கணும்னாரு. மூணு நாள் தேய்ச்சாங்க பையனுங்க."

விநாயகமூர்த்தி சிரித்தார். "வெளியில கழுவினது எனக்கும் தெரியும். சொன்னவங்கள்."

"வெளியிலயா?" வேலாயுதம் அவரைப் பார்த்தான். "வெளிய என்னா அழுக்கு அங்கிள்? உள்ளதான் ரொம்ப மோசம். அடியில முழங்கால் அளவுக்குச் சேறு. மூடியத் திறந்து, எல்லாத்தையும் வழிச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டு, பிரஷ் வச்சு, மூணு தண்ணி ஊத்தி..."

விநாயகமூர்த்தி பக்கத்திலிருந்த சிமெண்டுத் திட்டில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அந்தச் சேறுதான் கம்பெனி," என்றார். "மற்றதெல்லாம் இரும்பு. கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் அதுக்குள்ள இருக்கு. அதுகள்தான் அழுக்கைத் திண்டு கேஸ் விடுறது. செமினியில மாட்டுச் சாணத்தில தொடங்கி, செம்பனைத் தண்ணியைச் சொட்டுச் சொட்டாய்க் குடுத்துப் பழக்கி, வருசக்கணக்காய் வளர்த்தனான்."

"உறை மோர் மாதிரியா அங்கிள்?" என்றாள் தனலெட்சுமி.

"அதேதான் பிள்ளை. அதேதான்."

"அது இல்லாம எவ்வளவு பால் ஊத்தினாலும்..."

"பால் பாலாய்க் கிடந்து கெடும். இப்ப உள்ளுக்கு இருக்கிறது வெறும் செத்த தண்ணி." அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "விக்கும்போது எல்லாம் எழுதினோம். தொட்டி எழுதினோம், குழாய் எழுதினோம். சேற்றை ஆர் எழுதுவினம்? நானே எழுதேல்லை."

சிவசம்பு வேலாயுதத்தின் பக்கம் திரும்பினார். "அந்த நீல டிரம்முக்குள்ள என்ன இருந்தது?"

"சேறுதான் அங்கிள். முதல் நாள் சாக்கடைக் காண் அடைச்சிருந்துச்சு. அதனால முதல்ல வழிச்சத அந்த டிரம்முல போட்டு மூடி வாசல் பக்கம் வச்சாங்க. மறுநாள் காணைத் திறந்துவிட்டதும் மத்ததெல்லாம் அதுல போயிடுச்சு."

"இதை ஏன் சோலையப்பனிட்டச் சொல்லேல்லை?"

"அவரு என்னா காணோம்னு கேட்டாரு. டிரம்முன்னேன். உள்ள என்னான்னு கேக்கலையே?"

தனலெட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டாள். விநாயகமூர்த்தியோ துள்ளி எழுந்துவிட்டார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

"பிளீச்சிங் போடமுந்தி வழிச்சது! அண்ணை, அது மட்டும் மூடினபடியே கிடந்தால், உயிரோட இருக்கும்!"

"பாஸ், நம்ம வழக்கு தலைகீழா மாறிடுச்சு," என்றாள் தனலெட்சுமி. "இனிமே திருடனைக் கண்டா பிடிக்கக்கூடாது. கால்ல விழணும்."

சிவசம்பு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, வெளியில போற வண்டியை எல்லாம் திறந்து பார்க்கிறனீர்தானே?"

"மோட்டார் சைக்கிள் பெட்டியைக்கூட விடமாட்டேன் அங்கிள்."

"பூசையண்டு?"

"அன்னிக்கும்தான். தௌக்கே வீட்டு வேன் ஒண்ணைத் தவிர. வீட்டுலேருந்து பொங்கல், சுண்டல் எல்லாம் அண்டாவுல கொண்டாந்தாங்க. முதலாளி வீட்டுப் பிரசாத வண்டியச் சோதனை போட முடியுமா?"

"திரும்பிப் போகேக்க அந்த வேனில ஏதும் வித்தியாசம் கண்டனீரோ?"

வேலாயுதம் யோசித்தான். "ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு நல்ல மழை. ஆனா வேன் கண்ணாடி எல்லாம் இறக்கிவிட்டிருந்துச்சு. டிரைவர் முகத்துல சாரல் அடிக்குது, அப்பவும் தலைய வெளிய நீட்டிக்கிட்டே ஓட்டினாரு. நான்கூட பொங்கல் அதிகமா சாப்பிட்டுட்டாரு போலன்னு நெனச்சேன்."

சிவசம்பு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அவர் அப்படி வைத்தால் பெட்டி எந்த ஸ்டேஷனில் இறங்கியது என்று தெரிந்துவிட்டதென்று அர்த்தம்.

"பிள்ளை, ஆபீஸ் போன் எங்க இருக்கு எண்டு பாரும். சோலையப்பனைக் கூப்பிட்டு, நாங்கள் மத்தியானம் அவர் வீட்டுக்குச் சாப்பிட வாறம் எண்டு சொல்லும்."

"அவரு கூப்பிடவே இல்லையே பாஸ்?"

"கத்திரிக்காய் குடுத்தவர்தானே."

*

கிள்ளானில் சோலையப்பன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இடியாப்பம் மலையாக இருந்தது. பக்கத்தில் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கொசுமல்லி. அவர் மனைவி நாச்சம்மை ஆச்சி நின்றபடியே பரிமாறினார். கணவர் ஒரு முனையில், விநாயகமூர்த்தி மறுமுனையில். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

"இந்த ஆளை ஏன் ஐயா என் வீட்டுக்கே கூட்டியாந்தீங்க?" என்றார் சோலையப்பன், விசிறியிடம்.

"சாப்பிடுறவுகள வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?" என்றார் ஆச்சி. "நீங்க இன்னும் ரெண்டு வச்சுக்கங்க தம்பி. இளைச்சுப் போயிருக்கீக."

சிவசம்பு கொசுமல்லியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்: "ஆச்சி, இவ்வளவு நல்ல காய். செடிக்கு என்ன போடுறீங்கள்?"

ஆச்சியின் முகம் மலர்ந்தது. "கேட்க ஒரு ஆள் வந்தீகளே! இவுக ஒருநாள் கேட்டதில்ல. பூசைக்கு டெங்கில் போயிருந்தப்ப வாசல்ல ஒரு டிரம்மு. திறந்து பார்த்தா நல்ல கறுப்புச் சேறு. என்னடான்னா, கொட்டப் போறோம்னான் ஒரு பையன். அடப் பாவிகளா, இந்த மாதிரி எருவ யாராவது கொட்டுவாகளான்னு, வேன்ல ஏத்தச் சொல்லிட்டேன். பாவம் டிரைவரு, கிள்ளான் வர்ற வரைக்கும் மூக்கப் பொத்திக்கிட்டே வந்தாரு."

இடியாப்பம் எடுத்த கை அப்படியே நிற்க, சோலையப்பன் வாய் திறந்தபடி இருந்தார்.

"மியாவ்," என்றாள் தனலெட்சுமி மெதுவாக.

"இப்ப... இப்ப அந்த டிரம் எங்க?" விநாயகமூர்த்தி பாதி எழுந்துவிட்டார். "முடிஞ்சு போச்சோ ஆச்சி?"

"எப்படி முடியும்? எடுக்க எடுக்க, அரிசி கழுவின தண்ணி, வடிச்ச கஞ்சின்னு ஊத்தி வைப்பேன். ஒரு பொருள அப்படியே தீர்த்துட முடியுமா? ஆனா ஒரு தொல்லை தம்பி. அந்த மூடி ராத்திரியில டொப்பு டொப்புன்னு தூக்குது. மரநாய் வேலைன்னு நெனச்சு மேல அம்மிக் குழவியத் தூக்கி வச்சிருக்கேன்."

விநாயகமூர்த்தி கைகூடக் கழுவாமல் பின்கட்டுக்கு ஓடினார். எல்லோரும் பின்னால் ஓடினார்கள். சோலையப்பன் மட்டும் பின்வாசலில் நின்றுவிட்டார். "அங்க ஒரு வாத்து இருக்கு. என்னைக் கண்டா ஆகாது. வீட்டுக்குக் குடிவந்ததுலேருந்து நான் இந்தப் படிய இறங்கினதில்ல."

கத்திரிச் செடிகளின் நடுவே நீல டிரம் இருந்தது, தலையில் குழவிக் கல்லோடு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடி ஒரு பக்கம் லேசாக எழும்பி, டொப்பென்று உட்கார்ந்தது.

"மரநாய் இல்லை ஆச்சி," என்றார் விநாயகமூர்த்தி. கண் நிறைந்திருந்தது. "என்ட பிள்ளைகள்."

அதற்குப் பிறகு அவர் யாரையும் நிற்க விடவில்லை. கார் கொட்டகையிலிருந்து பழைய லோரி டயர் டியூப் ஒன்று வந்தது. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒரு துண்டு வந்தது. மூடியில் துளை போட்டுக் குழாயைச் செருகி, சந்தெல்லாம் ஆச்சியின் கோதுமை மாவைப் பிசைந்து அடைத்தார். சாயங்காலம் ஆவதற்குள் டியூப் பொங்கல் சாப்பிட்ட டிரைவர் மாதிரி உப்பிவிட்டது. டிரம்மிலிருந்து கழற்றி, டியூப்பைத் தூரமாகக் கொண்டுபோய், குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டினார்.

சின்னதாய், நீலமாய், அசையாமல் நின்றது நெருப்பு.

சோலையப்பன் வாத்தை மறந்து படியிறங்கி வந்துவிட்டார். வாத்தும் ஆச்சரியத்தில் அவரை மறந்துவிட்டது.

"உங்க கம்பெனியப் புதைக்கத்தான் வாங்கினேன்னு பேசினீங்களாமே, அப்படி இல்லைங்க," என்றார் விநாயகமூர்த்தியிடம். "சிலாங்கூர்ல இருக்கிற ஆலைக்கெல்லாம் இத வைக்கணும்னுதான் வாங்கினேன். புதுசா வந்த பொருளாச்சே, முதல் பூசையில குறை வைக்கக்கூடாதுன்னு உள்ளயும் வெளியயும்... மரியாதையா நெனச்சுத்தான் செஞ்சேன்."

"என்னிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"பூசைக்குக் கழுவுறதுக்கு யாரக் கேட்பாங்க?"

விநாயகமூர்த்தி தலையாட்டினார். "நானும் உங்களைத் தப்பாய்த்தான் நினைச்சனான்," என்றார்.

"சரி, சரி. டேய், லோரியக் கொண்டாங்கடா! டிரம்ம ஏத்துங்க, டெங்கிலுக்கு!"

"யாரோட டிரம்ம?"

நாச்சம்மை ஆச்சி டிரம்முக்கு முன்னால் வந்து நின்றார். வாத்தும் அவர் பக்கத்தில் வந்து நின்றது.

"நாச்சம்மை, விளையாடாத. கம்பெனிச் சாமான் அது."

"கம்பெனிதான் வேண்டாம்னு வழிச்சுப் போட்டாச்சே. கொட்டறதுக்கு வச்சிருந்ததத்தான் நான் எடுத்தேன். கஞ்சி ஊத்தி வளர்த்தது யாரு? உறை மோர் கிண்ணத்தக் கழுவி வச்சுட்டு, தயிரக் காணோம்னு போலீசுக்குப் போக இருந்தீகளாம்ல?"

சோலையப்பன் சிவசம்புவைப் பார்த்தார். சிவசம்பு கத்திரிச் செடியைப் பார்த்தார்.

"என்ன வேணும்னு சொல்லு," என்றார் சோலையப்பன் கடைசியில்.

"தொட்டி மூடிச் சாவி இந்தத் தம்பிகிட்ட இருக்கணும். உங்ககிட்ட வேண்டாம். அதத் திறக்கணும்னாலும் மூடணும்னாலும் இவுக வாய்ச்சொல்தான். சந்தனம் குங்குமம் எல்லாம் வெளிப்பக்கத்தோட. அப்புறம், என் தோட்டத்துக்கு ஒரு டிரம்மு எப்பவும் இங்க இருக்கணும்."

"கடைசியாச் சொன்னது மிக நல்லது," என்றார் விநாயகமூர்த்தி அவசரமாக. "திரும்ப ஆரும் கழுவினால், எங்களுக்கு இங்க ஒரு மிச்சம் இருக்கும்."

"முதல் தடவை கம்பெனிய வாங்கினாரு, இப்பதான் டெக்னாலஜிய வாங்குறாரு," என்றாள் தனலெட்சுமி சிவசம்புவின் காதில். "அதுவும் சொந்த சம்சாரத்துக்கிட்ட. விலையக் கூட்டிக் குறைக்க முடியாது பாஸ்."

*

சனிக்கிழமை காலை ஆலை முதலாளிகள் டெங்கிலுக்குப் போகவில்லை. டிரம்மிலிருந்து பாதிச் சேறு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் பெரிய தொட்டி பழையபடி எழும்ப சில வாரமாகும் என்று விநாயகமூர்த்தி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். ஆகவே மெர்சிடிஸ்கள் எல்லாம் கிள்ளானுக்கு வந்து வரிசையாக நின்றன. கத்திரித் தோட்டத்தில் நாற்காலி போட்டிருந்தது. டியூப்பின் மேல் ஒரு பலகை, பலகைமேல் குழவிக் கல். நீல நெருப்பில் காப்பி கொதித்தது.

ஒரு முதலாளி கப்பை முகர்ந்து பார்த்தார், குடித்தார், இன்னொன்று கேட்டார். "என் ஆலைத் தண்ணியிலயும் இந்த மாதிரி வருமா?"

"வரும். ஆனால் அவசரப்படுத்த ஏலாது," என்றார் விநாயகமூர்த்தி. "இந்தச் சேற்றில கொஞ்சம் தருவம். உங்கட தண்ணியைக் குடுத்து மெல்ல மெல்லப் பழக்கவேணும். நானே வந்து நிண்டு பார்ப்பன்."

"அப்போ எனக்கு ஒரு தொட்டி."

"எனக்கு ரெண்டு," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

சோலையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்தவர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றார். அதன் விளிம்பில் வழிந்து காய்ந்திருந்த கறுப்புச் சேறு அவர் கண்ணில் பட்டது. விருந்தாளிகள் முன்னால் இப்படியா என்று நினைத்தாரோ என்னவோ, பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் குனிந்தார்.

"கையை எடுங்கோ!" என்றார் விநாயகமூர்த்தி.

"கைய எடுங்க!" என்றார் ஆச்சி, அதே மூச்சில்.

வாத்து ஒன்றும் சொல்லவில்லை. ஓடிவந்து கொத்தியது.

சோலையப்பன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று, அந்தச் சேற்றைப் பார்த்து மிக மரியாதையாகக் கும்பிட்டார்.